ஒலியும் ஒளியும்

‘ஒலியும் ஒளியும்’ என்றால் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் ஞாபகம் வரும். சினிமாப் பாட்டுக்காகத் தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி உட்கார்ந்த காலம் அது. ஆனால், ஈரோடு பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருவருக்கு அந்த இரண்டு சொற்களும் வேறொன்றை ஞாபகப்படுத்தும். ஒரு மாணவியின் கையில் இருந்த, தீப்பெட்டி அளவு எம்.பி.3 பிளேயரை.

டீச்சர் ஓய்வு பெற்றது 2011 மே மாதம். பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருந்த எந்த வீட்டுக்கும் அந்த வருடம் மறந்திருக்காது. சமச்சீர்க் கல்வி வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தும் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. கண் தெரிகிற பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், பார்வையில்லாத பிள்ளைக்கு அதே புத்தகம் பிரெயிலில் அச்சாகி வர இன்னும் எத்தனை மாதமோ?

அந்த ஊர்ப் பள்ளியில் அப்படி ஒரே ஒரு பெண் இருந்தாள். நான்காம் வகுப்பு வரை பார்வை இருந்தது. ஒரு கடும் காய்ச்சலுக்குப் பிறகு போய்விட்டது. அம்மாவுக்கு விசைத்தறியில் வேலை. விடுதியோடு கூடிய பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. பிள்ளை ஊர்ப் பள்ளியிலேயே முன் பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர்கள் சொல்வதைக் கேட்டு, தோழிகள் வாசித்துக் காட்டுவதை மனப்பாடம் செய்து ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்டாள்.

அவளுடைய தாய்மாமன் ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் அந்த பிளேயரை வாங்கி, நிறையச் சினிமாப் பாட்டு ஏற்றிக் கொடுத்திருந்தார். உள்ளே ஒரு சின்ன பேட்டரி, வெளியே ஐந்து பட்டன், குரலைப் பதிவு செய்யும் வசதி. அவ்வளவுதான் அதன் பெருமை. அதை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்க டீச்சர், இதுல பாட்டுத்தான் வருமுன்னு மாமா சொல்றாருங்க. பாடம் வராதுங்களா?”

“ஏன் வராது? உள்ள வா கண்ணு” என்றார் டீச்சர். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கொங்கு நாட்டில் பிள்ளைகளை ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பிள்ளையை அப்படிக் கூப்பிடலாமா? அவர் தயங்கியது அவளுக்கும் புரிந்துவிட்டது. “அப்படியே கூப்பிடுங்க டீச்சர். வீட்டுல எல்லாரும் அப்படித்தானுங்க” என்று சிரித்தாள்.

அவள் கேட்ட கேள்வி, கருவியைக் கண்டுபிடித்தவரே கேட்டுக்கொண்ட கேள்விதான். எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே, அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்திரிகையில் பட்டியல் போட்டார். பார்வையில்லாதவர்களுக்குப் பேசும் புத்தகம் அந்தப் பட்டியலில் இரண்டாவது. ஆசிரியர் நடத்திய பாடத்தைப் பதிவு செய்து வைத்தால் மாணவன் வேண்டும்போது திரும்பக் கேட்கலாம் என்பதும் அதில் இருந்தது. ஆனால் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டாக அமெரிக்காவில் வீடுகளுக்குப் போய்ச் சேர 1934 ஆகிவிட்டது. அப்புறம் கேசட் வந்தது. கேசட்டில் படித்த தலைமுறைக்கு அதன் தொல்லை தெரியும். பாடத்தின் நடுவில் ஒரு வரியைத் தேட, ஓட்டி ஓட்டி நாடாவே சிக்கிக்கொள்ளும்.

எம்.பி.3 பிளேயர் வந்தபோது பள்ளி, கல்லூரிகளுக்கும் ஆசை பிறந்தது. 2004-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், முதலாண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு ஐபாட் இலவசமாகக் கொடுத்தது. பாட்டுப் பெட்டியைப் படிப்புக்குக் கொடுப்பதா என்று கேலியும் கிளம்பியது. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, படிப்புக்காக மாணவர்கள் அதிகம் பயன்படுத்தியது குரலைப் பதிவு செய்யும் வசதியைத்தான் என்று தெரிந்தது. அடுத்த வருடம் எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்தி, தேவைப்படும் பாடங்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் எஸ்கான்டிடோ பள்ளிகளிலோ, சின்னப் பிள்ளைகள் தாங்கள் வாசிப்பதை ஐபாடில் பதிவு செய்து, தாங்களே திரும்பக் கேட்டு, திக்குகிற இடத்தைச் சரிசெய்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒன்று என்று அள்ளிக் கொடுத்ததைவிட இது புத்திசாலித்தனமான காரியம்.

டீச்சருக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்தது வாசிப்பு. முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் வாசித்தவர். இரவல் வாங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் பிளேயரை நிமிர்த்தி நிற்க வைத்து ஆரம்பித்தார். குக்கர் விசில், தெருவில் தேங்காய் விற்பவர் குரல், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எல்லாம் கூடவே பதிவாயின. “மூணாவது பாடத்துல உங்க வீட்டுப் பருப்பு வெந்துருச்சுங்க டீச்சர்” என்று மறுநாள் செய்தி வந்தது.

கண்ணுக்காக எழுதிய புத்தகத்தைக் காதுக்குக் கொண்டுபோவது லேசான வேலையில்லை. அரை மணி நேரம் ஒரே மூச்சில் வாசித்துவிட்டால், நடுவில் ஒரு பத்தியைத் தேட அவள் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு பதிவு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் “அறிவியல், பக்கம் நாற்பத்திரண்டு” என்று சொல்லிவிடுவது. பட்டனை எத்தனை முறை தட்டினால் எந்தப் பக்கம் என்பது அவளுக்கு விரல்கணக்காகிவிட்டது. தொடுதிரை போனில் இந்த வித்தை நடக்காது. மேடும் பள்ளமுமாகப் பட்டன் வேண்டும். பார்வையற்றோருக்கான ‘டெய்சி’ முறைப் புத்தகங்கள் 1990-களிலேயே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன. பாடம், உட்தலைப்பு, பக்கம் என்று அவற்றில் தாவிப் போகலாம். ஆனால் அந்த முறையில் படிக்கும் பிளேயர் அவள் வீட்டுக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

கணக்கு இன்னொரு தொல்லை. ‘ஏ கூட்டல் பி வர்க்கம்’ என்று வாசித்தால் வர்க்கம் பி-க்கு மட்டுமா, இரண்டுக்கும் சேர்த்தா? கண்ணுக்கு அடைப்புக்குறி தெரியும். காதுக்கு அதைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருக் கணக்கு வாத்தியாரை அழைத்து வந்து, “அடைப்பு ஆரம்பம், ஏ கூட்டல் பி, அடைப்பு முடிகிறது, மொத்தத்துக்கும் வர்க்கம்” என்று வாசிக்க வைத்தார். ‘படத்தைப் பார்க்க’ என்று புத்தகம் சொல்கிற இடத்தில் எல்லாம் டீச்சர் நின்று, படத்தை வாயால் வரைய வேண்டியிருந்தது. குவிலென்ஸில் ஒளிக்கதிர் வளைவதை மூன்று தடவை பதிவு செய்தும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் சப்பாத்தி மாவைத் தட்டி, அதில் ஈர்க்குச்சிகளைக் குத்தி, அவள் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். “இவ்வளவுதானுங்களா?” என்றாள். அந்தக் கேள்வி இன்றும் அவருக்குப் பெரிய பாராட்டு.

அந்தக் குளிர்காலத்திலிருந்து மின்வெட்டு கடுமையானது. சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் 2012-ஐ மறக்க மாட்டார்கள். ஒரு நாளில் எட்டு மணி நேரம், அதற்கு மேலும் கரண்ட் இருக்காது. தறி நிற்கும், அம்மாவின் கூலியும் நிற்கும். ஆனால் தறி நின்ற நேரத்தில்தான் அந்த வீட்டில் அமைதி. இருட்டில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மற்ற பிள்ளைகள் கொசு அடித்துக்கொண்டிருக்க, இவள் காதில் பிளேயரை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு இயர்போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒரு பழைய ஸ்பீக்கர் கொண்டுவந்தார்கள். பரீட்சைக்கு முந்தைய ஒரு மாதம், கரண்ட் போனால் அந்தத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்துவிடும். ஒன்பது வயதிலிருந்து மற்றவர்கள் வாசிக்கக் கேட்டவளிடம், இப்போது மற்றவர்கள் “அந்தப் பக்கத்தை இன்னொரு வாட்டி போடுடி” என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு குறை. அவளுக்குப் பழகிப்போய், பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிடுவாள். டீச்சரின் குரல் அணில் கீச்சிடுவது போலக் கேட்கும். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது.

பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத, ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரைப் போட்டிருந்தார்கள். கூடுதல் நேரமும் உண்டு. எல்லாப் பாடத்திலும் தேறினாள். தமிழில் பள்ளியிலேயே மூன்றாம் இடம். மேல்நிலைக்கும் அதே பிளேயர், அதே குரல். டீச்சருக்குத் தொண்டை கட்டினால் மகன் வாசிப்பார். “அண்ணன் நிறுத்தற்குறியை எல்லாம் முழுங்கிடறாருங்க” என்று புகார் வரும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி வந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைச் சிறப்பாசிரியை அதில் ஏற்றிக் கொடுத்தார். தட்டச்சு இரண்டு மாதத்தில் கைவந்துவிட்டது. முதல் காரியமாக, தெருவில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவனுக்கு அறிவியல் குறிப்பு ஒன்றைத் தானே தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்தாள். பையன் அதைத் தெரு முழுக்கக் காட்டிச் சிரித்தான். காகிதம் டீச்சர் கைக்கும் வந்து சேர்ந்தது.

‘தாவரங்கள் கறியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஒலிச்சேர்க்கை நடத்துகின்றன.’

டீச்சர் சிரிக்கவில்லை. சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. மழை, பள்ளி, வாழை, கிணறு, பறவை என்று சின்ன வயதில் எழுதிப் பழகிய சொற்களில் ஒரு பிழைகூட இல்லை. பார்வை போன பிறகு காதால் கற்ற சொற்களில்தான் தடுமாற்றம். வெப்பநிலை ‘வெப்பனிலை’ ஆகியிருந்தது. கரிக்கும் கறிக்கும் காதில் என்ன வித்தியாசம்? ந, ன இரண்டும் பேச்சில் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. ‘ஒளி’யைச் சரியாகத்தான் வாசித்திருந்தார், ஆனால் மலிவான இயர்போனில், இரட்டை வேகத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே அது ‘ஒலி’யாகத்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான்காம் வகுப்பு வரை எழுத்து, அதற்குப் பிறகு வெறும் சத்தம் என்று அந்தப் பெண்ணின் தமிழ் இரண்டு துண்டாக அந்தக் காகிதத்தில் கிடந்தது. மதிப்பெண் பட்டியலில் இது தெரிய வழியே இல்லை. அங்கே எழுத்து இன்னொருவருடையது.

கையில் ஒரு பிளேயரைக் கொடுத்துவிட்டால் பார்வையில்லாத பிள்ளையின் படிப்புப் பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. புத்தகம் மூட்டை மூட்டையாக வராது, செலவு குறைவு, பிரெயில் கற்றுக்கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. வசதிதான். ஆனால், கண் தெரிகிற ஒரு பிள்ளைக்கு எழுத்தே சொல்லித் தராமல் வானொலியை மட்டும் வைத்துக்கொடுத்தால் நாம் அதைப் படிப்பு என்று ஒப்புக்கொள்வோமா?

டீச்சர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, பதிவின் கடைசியில் அந்தப் பக்கத்தின் கடினமான சொற்களை எழுத்தோடு சொன்னார். இதற்கு அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பழைய தமிழாசிரியர்கள் காதுக்கென்றே எழுத்துகளுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று சுழி ண டண்ணகரம், இரண்டு சுழி ன றன்னகரம், மற்ற ந தந்நகரம். இடையின ரகரம், வல்லின றகரம். ழ சிறப்பு ழகரம். “கரியமில வாயு: கரியில் இடையின ரகரம். ஒளிச்சேர்க்கை: ஒளியில் பொது ளகரம். வெப்பநிலை: நிலையில் தந்நகரம்” என்று நிதானமாகச் சொல்லி, “இந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைச்சுக்கோ” என்ற உத்தரவையும் பதிவு செய்தார்.

இரண்டாவது, அவளைப் பிரெயிலுக்குத் திருப்பப் பார்த்தார். அதற்குத்தான் அவள் மசியவில்லை. சிறப்பாசிரியை சின்ன வயதில் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து, பிளேயர் வந்த பிறகு விட்டுப்போன படிப்பு அது. பதினேழு வயதில் விரல்நுனியைப் புதிதாகப் பழக்குவது எளிதில்லை.

“காதே போதுமுங்க டீச்சர். எழுத எப்பவும் யாராவது இருப்பாங்கள்ல?”

“நாளைக்கு ஒருத்தனுக்குக் கடுதாசி எழுதணும்னு தோணுச்சுன்னா, அதையும் எங்கிட்டயே சொல்லி எழுதுவியா கண்ணு?”

அவள் அன்று பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, ‘எப்போ ஆரம்பிக்கலாமுங்க’ என்று கேட்டு ஆள் அனுப்பினாள்.

பிரெயிலில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-இல் வகுக்கப்பட்டது. அதில் ‘ல’வுக்கு இடப்பக்கத்து மூன்று புள்ளிகள். ‘ள’வுக்கு வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். விரலை வைத்தால் சுவர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். இரட்டை வேகமும் தறிச் சத்தமும் அதைக் கலைக்க முடியாது. ஒரு கோடை விடுமுறை முழுக்க, ஒலி, ஒளி, ஒழி என்று மூன்றையும் அடுத்தடுத்து ஊசியால் குத்தி, திருப்பித் தடவி, அவளே தனக்குப் பரீட்சை வைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் ஒரு பக்கம் தடவ முக்கால் மணி நேரம் ஆகும், விரல் மரத்துப்போகும். அப்போதெல்லாம் பிளேயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வாள். பாடத்தின் பொருள் காதில், எழுத்து விரலில் என்று ஒரு ஏற்பாடு தானாகவே அமைந்தது.

இடையில் நாட்டிலும் சில மாற்றங்கள் வந்தன. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்காகப் புத்தகங்களைப் படிக்கத்தக்க வடிவில் மாற்றுவது குற்றமில்லை என்றானது. இதையே உலக அளவில் சொல்லும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான். 2016-இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் தொடங்கியது. ஐபாட் என்ற கருவியின் உற்பத்தியையே 2022-இல் ஆப்பிள் நிறுத்திவிட்டது. அந்தத் தீப்பெட்டி பிளேயரும் அதற்கு முன்பே பட்டன் தேய்ந்து செத்துப்போனது. மெமரியில் இருந்த பாடங்களை மட்டும் மகன் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறார், குக்கர் விசிலோடு.

அவள் தமிழ் இலக்கியம் படித்து, பி.எட். முடித்து, ஆசிரியர் வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டிருக்கிறாள். டீச்சருக்குக் குரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அரைப் பக்கத்துக்கு மேல் வாசிக்க முடிவதில்லை. பக்கத்து ஊரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பார்வையில்லாத பையன் ஒருவனுக்கு இப்போது இவள்தான் வாசிக்கிறாள். பிரெயில் புத்தகத்தை மடியில் வைத்து, வலது கையால் தடவிக்கொண்டே, இடது கையில் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு. பக்க எண்ணைத் தொடக்கத்தில் சொல்கிறாள். கடைசியில் எழுத்துப் பட்டியல் சொல்கிறாள். பையனுக்கு வாரம் இரண்டு நாள் பிரெயிலும் கட்டாயம். அதற்கு வராவிட்டால் அடுத்த பாடத்தின் பதிவு கிடைக்காது.

போன வாரம் அவன் ஒரு புகாரோடு போன் செய்தான்.

“அக்கா, நீங்க வாசிக்கறப்ப பின்னாடி சரசரன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்குது. என்னதுங்க அது?”

“அதா? என் விரல்டா. சரி, நேத்து ஏன் கிளாஸுக்கு வரல?”